சின்ன ஜோடியும் பொதுச்சுவரும்

எங்கள் தெருவில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு ஆகியவற்றைச் சீட்டு என்று யாரும் எண்ணியதில்லை. திருவனந்தபுரத்தில் ஆண்கள் ஆடுவது இருபத்தெட்டு. அந்த ஆட்டத்துக்கு ஒரு சீட்டுக்கட்டில் முப்பத்திரண்டு சீட்டு போதும். ஏழும் அதற்கு மேலுள்ளவையும் கைக்கு வரும். கீழே உள்ள இருபதும் தகர டப்பாவுக்குப் போகும். எஞ்சியவற்றின் வரிசையும் தனி வகை. எல்லாவற்றுக்கும் மேலே ஜாக்கி, அடுத்தது ஒன்பது, பிறகுதான் ஏஸும் பத்தும். ராஜாவும் ராணியும் அவற்றுக்குக் கீழே. அரண்மனை உள்ள ஊரில், ராஜாவுக்கு ஒரு புள்ளிகூட இல்லாத ஆட்டத்தை நாங்கள் இத்தனை பிரியமாக ஆடினோம்.

தொண்ணூறுகளின் நடுவில், ஐம்பத்தைந்து முடிந்து, செயலகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். உள்ளாட்சித் துறையில் சார்புச் செயலாளராக இருந்தேன். பிறர் கேட்பதை ஏன் கொடுக்க முடியாது என்பதற்கு எண்ணுள்ள விதி ஒன்றைக் காட்டுவதுதான் நான் முப்பத்து மூன்று வருடம் செய்த வேலை. அதை நன்றாகவே செய்தேன். ஓய்வுக்குப் பிறகும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, வாரிசுச் சான்று வாங்க, வரி ரசீதில் பிழை திருத்த, எங்கள் வலியசாலைத் தெருவில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த ஜன்னல் என்று சொல்லி அனுப்புவேன். யாருக்கும் நன்மை செய்கிறேன் என்று நினைத்ததில்லை. தெரிந்ததைச் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவின் வீடுகள் ரயில் பெட்டி போல நீளமானவை, அகலம் குறைந்தவை. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க இடம் கிடையாது. வெளிச்சம் வர ஒரே வழி, வீட்டின் நடுவில் திறந்திருக்கும் முற்றம். எங்கள் முற்றத்துக்கு மத்தியானத்துக்குப் பிறகு அடுத்த வீட்டு ஓட்டுக்கு மேலாக மேற்கு வெயில் வரும். இரண்டரை மணிக்கு முற்றத்தின் ஓரத்தில் இறங்கி, விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் இருக்கும். அந்த ஓரத்தில்தான் சீட்டு மேசையைப் போட்டிருந்தேன். மின்விளக்கு தேவைப்பட்டதே இல்லை.

ஆறு பேர் வருவோம். நான், அடுத்த வீட்டுக்காரர், பழவங்காடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த நாங்குநேரிக்காரர், தெருவைச் சேர்ந்த ஓய்வூதியக்காரர்கள் மூவர். நான்கு பேர் ஆடுவார்கள், இரண்டு பேர் குறை சொல்வார்கள், பிறகு இடம் மாறிக்கொள்வோம். பணம் வைப்பதில்லை. தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் அதற்கு ஈர்க்குச்சியோ பலா இலையோ உபயோகிப்பார்கள். எங்கள் மேசையில் குணுக்கு என்பது கோப்பு கட்டும் டேக். பச்சை நூல், இரண்டு முனையிலும் சின்னத் தகரக் குச்சி. செயலகத்திலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு கட்டு டேக் மட்டும்தான். அடுத்த ஆட்டத்தில் ஜெயிக்கும் வரை அதைக் கழற்றக் கூடாது. மருமகன் வந்து கூப்பிட்டாலும் டேக்கோடுதான் வாசலுக்குப் போக வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரர் சர்வே ஆபீசில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு கோடு கோணி நான் பார்த்ததில்லை. ஆனால் சீட்டில் அவருக்குக் கோடு கிடையாது. ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து கைக்கு வந்துவிட்டால் மேசையை ஒரு தட்டு தட்டுவார், காப்பி டம்ளர்கள் ஆடும். முப்பது வருடமாக எங்களுக்குள் பழக்கம். ‘ஓய்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். சுவரின் அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் என் மனைவி, “அடுத்தாத்து மாமாவுக்கு இன்னும் சரியாகலை” என்பாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஓணத்துக்கு, அமெரிக்காவில் இருக்கும் என் மகன் மூன்று வாரம் வந்தான். அதில் எங்களோடு இருந்தது ஐந்து நாள். போகும்போது பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் பிளாஸ்டிக் வில்லைகளை ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்துவிட்டுப் போனான். போக்கர் என்ற ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தான். “அப்பா, இது உங்களுக்குப் பிடிக்கும். முழுக்க ரூல்ஸ்தான்” என்றான். தகப்பனைப் பற்றி அவன் தெரிந்துவைத்திருந்தது அவ்வளவுதான். அது சரியாகவும் இருந்தது.

ஆட்டம் எளியது. ஒவ்வொருவர் கையிலும் மூடிய சீட்டு இரண்டு. அதைப் பார்த்துவிட்டு வில்லை வைக்கலாம், ஏற்றலாம், சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். பிறகு மேசை நடுவில் மூன்று சீட்டு திறக்கும், அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. நடுவில் உள்ள ஐந்தும் எல்லோருக்கும் பொது. கையோடு சேர்த்து நல்ல ஐந்து யாரிடம் அமைகிறதோ அவருக்கு வில்லை. ஒரே எண் இரண்டு இருந்தால் ஜோடி, மூன்று இருந்தால் அதைவிட மேல், ஐந்தும் தொடர்ந்து வந்தால் வரிசை, அது இன்னும் மேல்; ஒன்றும் இல்லாவிட்டால் பெரிய சீட்டு. இதில் ஏஸ் பெரியது, அடுத்து ராஜா, ராணி, ஜாக்கி என்று ஊர் உலகத்து வரிசை. இரண்டும் மூன்றும்கூடக் கைக்கு வரும்.

அங்கேதான் எங்கள் ஆட்கள் தடுக்கி விழுந்தார்கள். கையில் மூன்றும் மூன்றும் வந்தாலும் சரி, ஐந்தும் ஐந்தும் வந்தாலும் சரி, பார்த்த மாத்திரத்தில் தூக்கி எறிந்தார்கள். அவர்களுக்கு அது டப்பாச் சீட்டு. ஜாக்கியும் ஒன்பதும் வந்தால் அடுத்த வீட்டுக்காரர் மேசையைத் தட்டி இருக்கிற வில்லை எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். இந்த ஆட்டத்தில் ஜாக்கி நாலாவது, ஒன்பது ஆறாவது என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன். “தெரியும் ஓய்” என்பார். தலைக்குத் தெரிந்தது கைக்கு எட்டவில்லை.

நான் எழுத உட்கார்ந்தேன். தட்டச்சுப்பொறி என்னிடம் இருந்தது. ‘சின்ன ஜோடி பற்றிய குறிப்பு’ என்று தலைப்புப் போட்டு ஒன்றரைப் பக்கம் அடித்து ஆறு நகல் எடுத்தேன். இரண்டிரண்டு முதல் ஆறாறு வரை சின்ன ஜோடி. மேசையில் ஆறு பேர் இருக்கும்போது அது வெறும் நம்பிக்கை. நடுவில் திறக்கும் மூன்று சீட்டில் அதே எண் இன்னொன்று வந்தால் அது மூன்றாகிவிடும். அப்போது எதிரில் இருப்பவர் சந்தேகப்படாமல் வில்லையைக் கொண்டுவந்து கொட்டுவார். ஆனால் அப்படி வருவது எட்டு முறைக்கு ஒரு முறை. ஆகையால் மலிவாக உள்ளே போக முடிந்தால் போகலாம். தன்னிடமும் எதிராளியிடமும், வைக்க வேண்டியதைப் போலப் பதினைந்து மடங்காவது மீதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழு முறை இழந்ததை எட்டாம் முறை ஈடுகட்ட முடியாது. தனக்குப் பின்னால் பேச வேண்டியவர்கள் அதிகம் இருந்தால் அடக்கம் நல்லது. மூன்றாவது வராவிட்டால், யாராவது வில்லை வைத்தவுடன் வருத்தப்படாமல் கீழே போட்டுவிட வேண்டும்.

எல்லோரும் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். நாங்குநேரிக்காரர் அதில் வடை மடித்துக் கொண்டுபோனதை நான் பார்த்தேன். யாரும் படிக்கவில்லை என்பதால் இரண்டு வருடம் நான்தான் ஜெயித்தேன். சத்தமில்லாமல் மலிவாக உள்ளே போவேன், மூன்றாவது வராவிட்டால் போட்டுவிடுவேன், வந்தால் எதிராளி காதில் டேக் ஏறும். ஆட்டத்தை இப்படி ஆடுகிறவனோடு உட்கார்வதில் யாருக்கு என்ன சந்தோஷம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஆட்கள் குறைந்தார்கள். ஒருவர் மார்பு வலியில் போனார். ஒருவர் மும்பையில் மகளோடு இருக்கப் போனார். இன்னொருவருக்குக் கண்புரை அறுவை சரியாக வரவில்லை. சிவப்புச் சீட்டில் ஆட்டினும் டைமனும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. மூன்று பேர் ஆனபின் இருபத்தெட்டை நினைக்கவே முடியாது, அதற்கு நான்கு பேர் வேண்டும். போக்கருக்கு இரண்டு பேர் போதும். நான் குறிப்பைத் திருத்தினேன். ஆள் குறையக் குறையச் சின்ன ஜோடியின் மதிப்பு கூடும். ஆறு பேரில் யாரிடமாவது பெரிய ஜோடி இருக்க வாய்ப்புண்டு. எதிரில் ஒருவர் மட்டும் என்றால் அவரிடம் ஜோடியே இல்லாதிருக்கத்தான் அதிக வாய்ப்பு. அப்போது நாலும் நாலும் காத்திருக்கிற கை அல்ல, இப்போதே முன்னால் நிற்கிற கை. போட்டுவிடக் கூடாது. இந்தத் திருத்தத்துக்கு மூன்று நகல் போதுமானதாக இருந்தது.

அந்த வருடம்தான் அடுத்த வீட்டுக்காரரின் மகள் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளோடு வந்துவிட்டாள். திரும்பிப் போவதாக இல்லை. அந்த வீட்டில் ஏற்கனவே அவரும் மனைவியும் மகனும் மருமகளும் இருந்தார்கள். படுக்க இருந்தது இரண்டு அறை. மகளும் குழந்தைகளும் சமையலறைக்கும் கிணற்றடிக்கும் நடுவில் உள்ள நடையில் படுத்தார்கள். மழை பெய்தால் சுருட்டிக்கொண்டு உள்ளே வர வேண்டும். மாடியில் ஒரு அறை எடுப்பது என்று முடிவு செய்தார். பொதுச்சுவரை ஒட்டி மாடி எடுக்க அடுத்த வீட்டுக்காரனின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அந்த அடுத்த வீட்டுக்காரன் நான். மாடி எழுந்தால் எங்கள் முற்றத்துக்கு மேற்கு வெயில் வராது.

அவர் வாயால் கேட்டார். எழுதிக் கொடுங்கள் என்றேன். நல்ல மஞ்சள் தாளில் வரைபடம் போட்டு விண்ணப்பத்தோடு கொண்டுவந்தார். சுவரின் கைப்பிடி உயரம் குறிக்கப்படவில்லை என்று பென்சிலால் எழுதித் திருப்பினேன். குறித்துக் கொண்டுவந்தார். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழும் என்று தெரியவில்லை என்று திருப்பினேன். நீல மையில் ஓடையும் குழாயும் வரைந்து கொண்டுவந்தார். வீடு அவர் மனைவி பெயரிலும் இருப்பதால் மனைவியின் கையெழுத்தும் வேண்டும் என்றேன். முடியாது என்று நான் ஒரு தடவையும் சொல்லவில்லை. செயலகத்திலும் சொன்னதில்லை. முடியாது என்றால் மேல்முறையீடு வரும். விளக்கம் கேட்டால் வராது.

என் மனைவி ஒரு நாள் காப்பியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். அந்தக் குழந்தைகள் நடையில் கொசுவலை கட்ட ஆணிகூட இல்லாமல் படுத்திருக்கின்றன என்றாள். வெயில் போய்விடுமே என்றேன். வெயிலை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள், சீட்டுதானே ஆடுகிறீர்கள் என்றாள். கேள்வி நியாயமானது. நான் காப்பியை எடுத்துக் குடித்தேன்.

நான்காவது முறை விண்ணப்பம் மேசைக்கே வந்தது. மத்தியான வெயில் வில்லைகள்மேல் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்காரர் மனைவியின் கையெழுத்துள்ள தாளை என் முன் வைத்தார். நான் கண்ணாடியை எடுத்தேன். அவர் தாளின்மேல் கையை வைத்து மூடினார்.

“மதி ஓய். நீர் இந்தக் கடலாசை, இந்தப் பேப்பரை, தீர்க்கப் போறதில்லை. நான் படம் போட்டுண்டே இருப்பேன், நீர் பென்சிலைச் சீவிண்டே இருப்பீர். சீட்டிலே தீர்த்துக்கலாம். நான் ஜெயிச்சா நாளைக்குக் காலம்பற ஒப்புப் போட்டுத் தரணும். தோத்தா இனி இந்தக் காரியத்தை உம்மகிட்டக் கேக்கவே மாட்டேன்.”

நாங்குநேரிக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார். “சாமிமாரே, வீட்டுக் காரியத்தை எதுக்கு இதுல கொண்டாரிய” என்றார். யாரும் கேட்கவில்லை. சரி, அப்படியானால் நானே சீட்டுப் போடுகிறேன், என்னை ஆட்டத்தில் சேர்க்காதீர்கள் என்று அவர் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஜெயிப்பேன் என்று தெரியும். அந்த ஆட்டத்தில் அவர் என்னிடம் பத்துக்கு ஒன்பது தோற்றவர். தோற்றுவிட்டு அவரே கேட்பதை நிறுத்திக்கொண்டால், மறுத்தவன் என்ற பெயர் எனக்கு வராது. எந்த அதிகாரியும் இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கனவில்கூடக் காண முடியாது.

வில்லைகளைச் சரிபாதியாகப் பிரித்தோம். ஒருவரிடம் எல்லாம் சேரும் வரை ஆட்டம். முதல் அரை மணி நான் எதிர்பார்த்தபடிதான் போனது. அவர் டப்பாச் சீட்டுகளைத் தூக்கி எறிந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வில்லை என் பக்கம் வந்தது. அவர் முன்னால் இருந்த குவியல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவர் வீட்டுப் பக்கம் குழந்தைகள் பாண்டி ஆடும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.

பிறகு எனக்கு நாலும் நாலும் வந்தது. ஒன்று கிளாவர், ஒன்று டைமன். அளவாக ஏற்றினேன், குறிப்பில் உள்ளபடி. அடுத்த வீட்டுக்காரர் தன் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். மேசையை ஒரு தட்டு தட்டினார். காப்பி டம்ளர்கள் ஆடின. மீதி இருந்த வில்லைகள் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

முப்பது வருடமாகக் கேட்ட தட்டு அது. அவர் கையில் ஜாக்கியும் ஒன்பதும் இருப்பது சீட்டைத் திருப்பிப் பார்த்த மாதிரி எனக்குத் தெரிந்துவிட்டது. இனிக் கணக்குதான். சின்ன ஜோடிக்கு எதிரே அதைவிடப் பெரிய, வெவ்வேறு சீட்டு இரண்டு நின்றால், ஜோடி பாதிக்குச் சற்று மேல் ஜெயிக்கும். ஒரு மயிரிழை மேல், அவ்வளவுதான். நான் கீழே போட்டிருந்தாலும் குடி முழுகிப் போயிருக்காது; என் முன்னால் குவியல் இருந்தது, இன்னும் பத்து ஆட்டம் காத்திருந்து இதைவிட நல்ல இடத்தில் பிடித்திருக்கலாம். கீழே போடுவது எனக்குப் புதிதும் அல்ல. இதே நாலு நாலை ஆறு பேர் மேசையில் நூறு முறை போட்டிருக்கிறேன்.

ஆனால் நானே எழுதிய திருத்தம் இருந்தது. எதிரில் ஒருவர் மட்டும் என்றால் போட்டுவிடக் கூடாது. அவர் வைத்த அளவுக்கு நானும் வைத்தேன்.

இருவரும் சீட்டைத் திருப்பினோம். கிளாவர் ஜாக்கி, ஆட்டின் ஒன்பது. அவர் என் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நாலு என்றதும் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார். நாங்குநேரிக்காரர் நடுவில் மூன்று சீட்டைத் திறந்தார். ராஜா, ஏழு, இரண்டு. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நாலாவது ராணி. இப்போது ஜாக்கி வந்தாலும் ஒன்பது வந்தாலும் அவருக்கு. பத்து வந்தாலும் வரிசை சேர்ந்து அவருக்கு. அதைக்கூட நான்தான் அவருக்குச் சொன்னேன். விதியை எடுத்துச் சொல்வதில் நான் பாரபட்சம் காட்டியதில்லை.

கடைசிச் சீட்டு மூன்று.

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. நாங்குநேரிக்காரர்தான் தணிந்த குரலில், “நாலு ஜோடில்லா சாமி. அதுதான் நிக்கி” என்றார். அடுத்த வீட்டுக்காரர் என் இரண்டு நாலையும் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“நாலாக்கும்” என்றார். “நாப்பது வருஷமா டப்பாவிலே கிடந்தது. இதுவா ஓய் சீட்டு?”

டேக் கட்டு மேசை இழுப்பறையில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவரே இழுத்து ஒன்றை எடுத்து, வலது காதில் மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது ஆட்ட விதி. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, காதில் பச்சை நூல் ஆட, பத்தடி நடந்து தன் வீட்டுக்குள் போனார். அவர் வாசலில் மகள் நின்றிருந்தாள். என்ன அப்பா இது என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. அவர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் மருமகள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். வரைபடக்காரரின் அழகான எழுத்தில் ஒரே வாக்கியம். மாடி அறை சம்பந்தமாகத் தாங்கள் பரிசீலித்துவரும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மூலையில் துளை போட்டு, நேற்றைய டேக்கைக் கோத்து, தகரக் குச்சியை முறைப்படி மடக்கியிருந்தார்.

திரும்பப் பெறப்பட்ட விண்ணப்பத்தின்மேல் நடவடிக்கை கிடையாது. கோப்பு மூடப்படும். இதை நான் எத்தனை குறிப்பில் எழுதியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் மேசைக்கு வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. காலையில் பேப்பர் எடுக்கும்போது பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவார், பால் விலையைப் பற்றிப் பேசுவார். நாங்குநேரிக்காரர் ஒரு வாரம் வந்து பார்த்தார், இரண்டு பேராக ஆடினோம், பிறகு கடையில் ஆள் இல்லை என்று நின்றுவிட்டார். மத்தியானம் இரண்டரைக்கு வெயில் மட்டும் தவறாமல் வந்து காலி மேசையில் உட்கார்ந்தது.

ஒரு மாதத்துக்குள் எனக்கு மனம் மாறிவிட்டது. மாறியது இரக்கத்தாலா, சலிப்பாலா என்று எனக்கே நிச்சயம் இல்லை. மாறியது என்பது உண்மை. வஞ்சியூருக்குப் போய் முத்திரைத்தாள் வாங்கி வந்தேன். சம்மதப் பத்திரத்தை ஒரு பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன். சுவரின் நீளம், கைப்பிடி உயரம், மழைத் தண்ணீர் போகும் பக்கம் எல்லாம் அவர் வரைபடத்திலிருந்தே எடுத்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் ஒரு வார்த்தை கேட்டால் அங்கேயே போட்டுக் கொடுப்பதாக இருந்தேன். பேப்பர் எடுக்கும் நேரத்தை நீட்டினேன். தண்ணீர் வருகிறதா, குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா என்று நானாகப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோனேன். சேர்த்தாயிற்று என்பார். அதற்கு மேல் போக மாட்டார். கேட்பதில்லை என்று சொன்னவர், கேட்கவில்லை.

என் மனைவி முத்திரைத்தாளைப் பார்த்துவிட்டாள்.

“ஒப்புப் போட்டு அவா கையிலே குடுத்துட்டு வாங்கோளேன். பத்தடிதானே.”

“கேக்காம எப்படிக் குடுக்கறது? அபேக்ஷையை வாபஸ் வாங்கியாச்சே.”

அவள் முத்திரைத்தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். பிறகு அடுக்களைக்குப் போனாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு வருத்தம் என்று இப்போது நினைக்கிறேன். கேட்கப்படாததைக் கொடுக்கும் விதி எனக்குத் தெரிந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் தேடியும் பார்த்தேன்.

அடுத்த கோடையில் வீட்டை விற்றுவிட்டார். மகன் கரமனை தாண்டி ஒரு வாடகை வீடு பார்த்திருந்தான், மூன்று அறை. சாமான் ஏற்றும் லாரி நின்ற காலையில் அவர் என் வீட்டுக்குள் வந்தார். முற்றத்தின் ஓரத்தில், பழைய இடத்தில், நின்றார். உட்காரவில்லை.

“ஒரு காரியம் கேக்கணும் ஓய்” என்றார்.

நான் எழுந்துவிட்டேன். முத்திரைத்தாள் இருந்த இழுப்பறையின்மேல் என் கை இருந்தது. வீடு விற்றாகிவிட்டது, இனி அந்தக் காகிதத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் எழுந்தேன்.

“ரேஷன் கார்டை அங்கே மாத்தணும். எந்த ஃபாரம், எத்தனை காப்பி?”

சொன்னேன். படிவத்தின் பெயர், இணைக்க வேண்டியவை, வாடகைச் சீட்டு இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் வாங்க வேண்டிய கடிதம், அதன் வாசகம், போக வேண்டிய ஜன்னல், அங்கே பதினொரு மணிக்கு முன்னால் ஆள் இருக்க மாட்டார் என்பது. மகளையும் பேத்திகளையும் அந்தக் கார்டில் தனியாகச் சேர்க்க வேண்டும், கோயம்புத்தூர்க் கார்டில் பெயர் நீக்கிய சான்று இல்லாவிட்டால் நடக்காது என்பதையும் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து, அதன் மேல்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதின காகிதத்தைத் திருப்பினபோது பார்த்தேன், என் சின்ன ஜோடிக் குறிப்பின் நகல். மடிப்பு கலையாமல் இருந்தது.

“உம்மகிட்டக் கேட்டா சரியாத்தான் இருக்கும்” என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டை வாங்கியவர் சாலைக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறவர். அவருக்கு வீடு தேவையில்லை, சரக்கு வைக்க இடம் வேண்டும். ஓட்டைப் பிரித்தார். பொதுச்சுவரின்மேல் மூன்று மாடி எழுப்பினார். என்னைச் சம்மதம் கேட்கவில்லை. எனக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நான் ஆட்சேபணை மனு கொடுத்தேன். விதி எண், உட்பிரிவு, வரைபடம் எல்லாம் வைத்து நான்கு பக்கம். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அனுமதியில்லாமல் கட்டிய கட்டிடங்களை முறைப்படுத்தும் உத்தரவின் கீழ் மேற்படி கட்டிடம் கட்டணம் பெற்று முறைப்படுத்தப்பட்டுவிட்டதால் மனுவின்மேல் நடவடிக்கை எடுக்க இயலாது. நான் அதை இரண்டு முறை படித்தேன். குறை சொல்ல இடமில்லாத வாசகம். அந்த மாதிரி உத்தரவு ஒன்றுக்கு ஒரு காலத்தில் நானே வரைவு எழுதியிருக்கிறேன். முறையைப் பின்பற்றாதவனுக்கு முறையே ஒரு வழி வைத்திருக்கும். முறைப்படி கேட்டவர்தான் நான்கு முறை படத்தோடு வந்து நின்றார்.

கையெழுத்துப் போடாத முத்திரைத்தாளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். எனக்குத் தெரியும். அந்த ஒரு கெடுவை மட்டும் தவறவிட்டேன்.

இப்போது எங்கள் முற்றத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கே சாயங்காலம். மேசைக்கு மேலே டியூப்லைட் போட்டிருக்கிறேன். சில நாள் அங்கே உட்கார்ந்து, ஒரு பக்கம் நாலும் நாலும் வைக்கிறேன், எதிர்ப் பக்கம் ஜாக்கியும் ஒன்பதும் வைக்கிறேன். மீதியைக் கலைத்து நடுவில் ஐந்து சீட்டைத் திறக்கிறேன். யார் ஜெயித்தது என்று பார்த்துவிட்டு மறுபடியும் கலைக்கிறேன். பல நாளாகப் பார்த்துவிட்டேன். நாலு பாதிக்குச் சற்று மேல் ஜெயிக்கிறது. ஜாக்கிப் பக்கம் ஜெயிக்கும் நாட்களில் இன்னும் ஒரு முறை போட்டுப் பார்க்கத் தோன்றும்.

நடுவில் மின்சாரம் போகும். அப்போது எந்தச் சீட்டு திறந்தது என்று தெரியாது. கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வரும் வரை உட்கார்ந்திருப்பேன்.